மாடிப்படிக்குக் கீழே ஒரு முன்னுரிமைப் பிரிவு

ஒரு ராத்திரி தங்க லாட்ஜில் ரூம் கேட்டு வந்த ஆளுக்கு, ஆயுசு முழுக்கத் தங்க அரசாங்க வீடு கேட்டு மனு எழுதிக் கொடுத்து அனுப்பிய அதிகாரி, எனக்குத் தெரிந்து இந்தியாவிலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் மாடிப்படி சார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. மற்றபடி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி டீக்கடை, பழக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு எங்கே விசாரித்தாலும், "மாடிப்படி சாரா? அந்தப் பரோட்டாக் கடையை ஒட்டிப் போயி குனிஞ்சு பாருங்கண்ணே" என்றுதான் வழி சொல்வார்கள். குனிந்துதான் பார்க்க வேண்டும். குனியாமல் போனவர்களுக்கு நெற்றி புடைத்துக்கொள்ளும்.

எங்கள் அலுவலகம் இருந்த கட்டடத்தில் தரைத்தளத்தில் பரோட்டாக் கடை, முதல் மாடியில் லாட்ஜ், இரண்டாம் மாடியில் நாங்கள். வாய்க்கால் கரையிலும் ஒற்றை அறை வாடகையிலும் காலம் தள்ளுகிற ஏழைகளுக்கு, திருமங்கலம் போகிற வழியில் அடுக்குமாடி வீடு கட்டிக் குலுக்கல் முறையில் ஒதுக்குவது எங்கள் வேலை. ஒவ்வொரு கட்டடத்திலும் கீழ்வீடுகள், அவற்றுக்கு மேல் மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. ஆகவே நடக்க முடியாதவர்கள், வயதானவர்கள், கணவனை இழந்த பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு, அவர்கள் கீழ்வீடு கேட்டு மனு கொடுக்கலாம் என்று அரசாங்கம் கருணையோடு சொல்லியிருந்தது. மனுவை வாங்கி, ஆளைப் பார்த்து, சொல்வது உண்மையா என்று விசாரிக்கிற பிரிவுக்கு சார்தான் கண்காணிப்பாளர். நான் அதே பிரிவில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.

'என்னால் படி ஏற முடியாது' என்று மனு கொடுக்க ஒருவர் இரண்டு மாடி படி ஏறி வரவேண்டும் என்பது எங்கள் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. நாங்கள் எல்லோரும் படித்தவர்கள்.

ஒரு நாள் கட்டைக்கால் வைத்த ஒருவர், இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி இழுத்து இழுத்து ஏறி வந்து சேர்ந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மனுவை நீட்டினார். பக்கத்துப் பிரிவுக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "அதான் ஏறி வந்துட்டீங்களேண்ணே, பெறகு எதுக்குக் கீழ்வீடு?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மனுஷன் நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்.

சார் அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டு மனுவை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் நான் போனபோது அவருடைய மேசை மாடியில் இல்லை. பரோட்டாக் கடைக்கும் லாட்ஜுக்கு ஏறும் படிக்கும் நடுவே, படியின் அடிவயிற்றில், ஓட்டை சைக்கிள் ஒன்றை அப்புறப்படுத்திவிட்டு மேசை, நாற்காலி, மின்விசிறியோடு உட்கார்ந்திருந்தார். மின்சாரம் பரோட்டாக் கடையிலிருந்து வந்தது.

"என்ன சார் இது?"

"ஏம்மா, இன்னைலருந்து நம்ம செக்சன் இங்கிட்டுத்தான். கம்ப்யூட்டரை மட்டும் மேலயே வச்சுக்க. கீழ எண்ணெய் தெறிக்கும்."

எங்கள் பெரிய அதிகாரியை நாங்கள் பெரிய சார் என்போம். அவரிடமிருந்து மெமோ வந்தது: 'அனுமதியின்றி அலுவலகத்தை விட்டு வெளியேறியதற்கு விளக்கம் தருக.' மாடிப்படி சார் அதன் அடியிலேயே எழுதி அனுப்பினார்: 'வெளியேறவில்லை. இறங்கியிருக்கிறேன்.' பெரிய சார் நேரில் திட்டுவதற்காகக் கீழே வந்தார். நன்றாகவே திட்டினார். திரும்ப மேலே ஏறும்போது மூச்சு வாங்கி, முதல் மாடி லாட்ஜின் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். லாட்ஜ் பையன் அவர் முன்னால் வருகைப் பதிவேட்டை நீட்டி, "தனி ரூமா சார், டபுளா?" என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு பெரிய சார் திட்டுவதற்குக்கூடக் கீழே இறங்கவில்லை.

படிக்குக் கீழே அரசாங்கம் நடத்துவது லேசான காரியமில்லை. யார் மேலே ஏறினாலும் இறங்கினாலும் சாரின் தலையில் மண் கொட்டும். அதற்காக ஒரு துண்டைத் தலைப்பாகை கட்டிக்கொண்டார். கோப்புகளில் சால்னா வாசனை ஏறியது. சென்னைத் தலைமை அலுவலகத்தில் எங்கள் ஊர்க் கோப்பைப் பிரித்தால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பசி எடுக்கிறது என்று ஒருவர் போனில் என்னிடமே குறைப்பட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, லாட்ஜுக்கு வருகிறவர்கள் சாரை ரிசப்ஷன் என்று நினைத்துக்கொள்வது. ஒரு முறை பெட்டியும் கையுமாக வந்த ஓர் ஆள், "சார், ரூம் இருக்கா?" என்றார்.

"ஒங்களுக்கு முன்னுரிமை என்ன?"

"முன்னுரிமையா? கொசு இருக்கக் கூடாது."

"மதுரைல சொந்த வீடு இருக்கா?"

"சொந்த வீடு இருந்தா லாட்ஜுக்கு எதுக்குங்க வாரேன்?"

"குடும்பத்துல எம்புட்டுப் பேரு?"

"நான் மட்டுந்தான். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு வெளிய போகச் சொல்லிட்டா." 

சார் அரை மணி நேரம் பரிவோடு விசாரித்து, மனு எழுதி, ரேகை வைக்கிறீர்களா கையெழுத்தா என்று கேட்கும்போதுதான் இருவருக்கும் விஷயம் புரிந்தது. அதற்குள் அந்த ஆளுக்கு மனுவின் மேல் ஆசை வந்துவிட்டது. "பரவால்ல சார், இருக்கட்டும்" என்று பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

உண்மையான மனுதாரர்களும் சளைத்தவர்களில்லை. ஒருவர் வலது காலை நொண்டிக்கொண்டு வந்தார். சார் டீ வாங்கிக் கொடுத்தார். டீ குடித்துவிட்டுத் தம்ளர் கொடுக்கப் போனபோது இடது காலை நொண்டினார்.

"அண்ணே, எந்தக் கால்ல வலி?"

அவர் கீழே குனிந்து இரண்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "மாத்தி மாத்தி வரும் சார்."

சார் முகத்தில் எந்த மாற்றமுமில்லை. 'வலி இரு கால்களுக்கிடையே இடம் மாறுவதாகத் தெரிவிக்கிறார். மருத்துவர் கருத்து தேவை' என்று குறிப்பு எழுதினார். யாரையும் பொய்யர் என்று சொல்லமாட்டார். "வீடு வேணும்னு ஆசைப்படுறவன் நாலு பொய் சொல்லத்தான் செய்வான். வீடு இருக்கிறவன் சொல்லாத பொய்யா?" என்பார்.

கைவிடப்பட்ட பெண்களுக்கு முன்னுரிமை உண்டென்றால் கைவிடப்பட்ட ஆண்களுக்கு ஏன் இல்லை என்று சண்டை போட வந்தவரையும் நான் பார்த்தேன். சாட்சிக்கு ஆள் உண்டா என்று சார் கேட்டதும், வெளியே பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கூட்டி வந்தார்.

"நீங்க யாரும்மா?"

"இவரு சம்சாரம் சார். நாந்தான் கைவிட்டேன்."

"இப்ப சேர்ந்து வந்துருக்கீங்க?"

"வீடு கெடைச்சா மறுபடி சேந்துக்கலாம்னு இருக்கோம்."

சிபாரிசோடு வருகிறவர்களுக்கு மட்டும் சார் தனி முறை வைத்திருந்தார். கட்சிக்கரை வேட்டியோடு யாராவது, "சார், நம்ம ஆளு ஒருத்தர், கீழ்வீடு வேணும்…" என்று ஆரம்பித்தால் உடனே எழுந்துவிடுவார். "ஐயோ, இங்க வேணாம்ணே. நாலு பேரு காதுல விழும். மொட்டை மாடிக்குப் போயிருவோம்." ரகசியம் என்றதும் வந்தவருக்கு முகம் மலரும். சார் முன்னால் விறுவிறுவென்று ஏறுவார். லாட்ஜைத் தாண்டி, எங்கள் அலுவலகத்தைத் தாண்டி, மொட்டை மாடி வெயிலில் நின்றுகொண்டு, "இப்பச் சொல்லுங்கண்ணே" என்பார். வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். "இதே மாதிரிதான்ணே, காலு வெளங்காதவங்க தெனமும் ஏறணும். ஒங்க ஆளுக்குக் காலு நல்லாத்தான இருக்கு?" அவர் தலையை மட்டும் ஆட்டுவார். இதில் மனம் மாறி இறங்கியவர்களும் உண்டு. கோபத்தில் மந்திரி வரைக்கும் புகார் எழுதியவர்களும் உண்டு. எழுதியவர்களே அதிகம்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் கணக்கு உதைத்தது. கீழ்வீடுகளைவிட, கீழ்வீடு கேட்கத் தகுதியுள்ளவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சார் பெரிய சாருக்கு எழுதினார்: முதலில் அறவே நடக்க முடியாதவர்களுக்குக் கொடுப்போம், மிச்சமிருந்தால் வயதானவர்களுக்குக் குலுக்கலாம். பெரிய சார் இரண்டாம் மாடியிலிருந்து பதில் அனுப்பினார்: 'முன்னுரிமைக்குள் முன்னுரிமைக்கு விதிகளில் இடமில்லை. முன்னுரிமையாளர் அனைவரும் சமம்.' முன்னுரிமையில் சமத்துவம் காத்த அந்தக் கடிதத்தை சார் உரக்கப் படித்துவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார்.

அந்த வாரம்தான் ஜமால் பாய் வந்தார். பழைய ஊருக்குள்ளே ஒரு கடைக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறவர். வாய்க்கால் கரையில் இருந்த வீடு இடிபட்டு, உறவுக்காரர் வீட்டின் முன்னறையில் இருந்தார்கள். மனைவி நூர்ஜகானை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார். இடுப்புக்குக் கீழே அந்த அம்மாவுக்கு உணர்வு கிடையாது. ஆட்டோவை விட்டு இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சார் பேப்பரும் பேனாவுமாக ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்து எழுதினார்.

"கெடைக்குமா சார்?" என்று நூர்ஜகான் கேட்டார்.

சார் வாக்குக் கொடுக்காதவர். "கேட்டிருக்கோம்மா" என்றார்.

அதற்கு அடுத்து வந்தவரைத்தான் என்னால் மறக்க முடியாது. கையில் மஞ்சப்பை. உயரமான, கறுத்த, அறுபதைத் தாண்டிய அம்மா. குனியத் தேவையில்லாத இடத்தில் நின்றுகொண்டே, "டேய்!" என்றார்.

சார் நிமிரவில்லை. "பேரு?"

"என்ன பேரா? எம்பேரு தெரியாதாடா ஒனக்கு?"

"மனுவுல என்ன பேரு போடணுமோ அதைச் சொல்லுங்க."

"பஞ்சவர்ணம். போட்டுக்க."

"தகப்பனார் பேரு?"

"ஒங்கப்பன் பேருதான்டா!"

பரோட்டா போடுகிறவர் மாவு வீசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்போதுதான் இவர் சாரின் கூடப் பிறந்த அக்கா என்று எங்களுக்குத் தெரிந்தது. கணவர் இறந்த பிறகு பசுமலையில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு அங்கேயே ஒரு சின்ன அறையில் வாடகைக்கு இருந்தார். தம்பி வீட்டுக்கு வரமாட்டார். தம்பி மனைவி வைக்கும் ரசத்தை ரசம் என்று ஒப்புக்கொள்ள முடியாததால் வந்த பிரிவு என்று பிற்பாடு அவரே எனக்கு விளக்கினார்.

"முட்டி வலிக்கிதுன்னு எழுது. கீழ்வீடு வேணும்னு எழுது."

"போன மாசந்தான திருப்பரங்குன்றம் மலை ஏறி எறங்குனீங்க?"

"அது சாமிக்கு ஏறுனது. வீட்டுக்குத் தெனமும் ஏற முடியுமாடா?"

சட்டப்படி அவர் தகுதியானவர்தான். வயதும் இருந்தது, கணவரும் இல்லை. ஆனாலும் சொந்த அக்கா மனுவைத் தானே முடிவு செய்யமாட்டேன் என்று சார் அதைப் பெரிய சாருக்கு அனுப்பிவிட்டார். பெரிய சார் உடனே சம்மதம் கொடுத்தார். மாடிப்படி சாருக்குப் பிடிக்காத எதையும் அவர் தாமதப்படுத்தியதில்லை.

குலுக்கல் பசுமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் கல்யாணத்து அலங்காரத்தைக் கழற்ற ஆள் வரவில்லை. 'கார்த்திக் – சௌமியா' என்று தெர்மாகோல் எழுத்துக்கள் பளபளக்க, அதற்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் டிரம்கள். ஒன்றில் முன்னுரிமைக்காரர்களின் பெயர்ச் சீட்டு. கீழ்வீடு தீருகிறவரை அதிலிருந்து எடுப்பார்கள். பெயர் வராதவர்கள், மற்றவர்களோடு சேர்ந்து அடுத்த டிரம்மில் மாடி வீட்டுக்குச் சீட்டு எடுக்க வேண்டும். பெரிய சார் மணமகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் ஒருவர் மொய் எழுத எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பழக்கதோஷத்தில் கேட்டார்.

சீட்டு ஒவ்வொன்றாக வந்தது. கட்டைக்கால் அண்ணன் பெயர் வந்தபோது சார் கைதட்டினார். பிறகு கைதட்டக்கூடாது என்று நினைவு வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கீழ்வீடுகள் குறையக் குறைய ஜமால் பாய் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். நூர்ஜகான் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கடைசிக் கீழ்வீடு. பெரிய சாரே கையை விட்டு எடுத்தார். பிரித்தார். சிரித்தார்.

"பஞ்சவர்ணம்!"

மண்டபமே ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. "அந்த அம்மா மாடிப்படி சார் அக்காவாம்ல!" "இம்புட்டு நாளு நம்மளை மொட்டை மாடிக்கு ஏத்தி எறக்குனதெல்லாம் இதுக்குத்தானா?" "சொந்தம்னா சொந்தந்தான்யா!" அடுத்த டிரம்மில் ஜமால் பாய் மனைவிக்காகச் சீட்டு எடுத்தார். மூன்றாம் மாடி. 

சாரின் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் என்றும் பார்த்ததில்லை. மேடையை விட்டு இறங்கி நேராக அக்காவிடம் போனார். நாங்கள் எல்லோரும் பார்க்க, வாழ்க்கையில் முதல் தடவையாக அரசாங்கக் காரியத்தில் உறவு சொல்லிக் கூப்பிட்டார்.

"அக்கா, அந்தம்மாகிட்ட மாத்திக்க."

"எதுக்குடா மாத்தணும்? சீட்டு எனக்குத்தான விழுந்துச்சு? நான் என்ன களவாண்டா வந்தேன்?"

"அவங்களால நடக்க முடியாதுக்கா."

"நானு ஹாஸ்டல்ல முப்பது வருசம் நின்னு நின்னு வேகவச்சவ. எனக்கு மட்டும் என்ன றெக்கையா இருக்கு? ஒம் பேரு கெட்டுப் போயிருமேன்னு ஏங் கால ஒடிக்கப் பாக்குறியா?"

நியாயமான கேள்வி. அக்கா மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒதுக்கீட்டு ஆணையை வாங்கி, நிமிர்ந்து நடந்து போய்விட்டார்.

அடுத்த நாட்களில் படிக்குக் கீழே யாரும் வரவில்லை. வந்தவர்கள் லாட்ஜுக்கு வந்தவர்கள். பரோட்டாக் கடைக்காரர் மின்சாரத்தை நிறுத்தவில்லை; ஆனால் பேச்சை நிறுத்திவிட்டார். சார் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, யாரும் கொடுக்காத மனுக்களுக்காகக் காத்திருந்தார். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். "அக்கா சொல்றதும் சரிதாம்மா. எனக்கு அதுதான் கடுப்பா இருக்கு" என்றார்.

சாவி கொடுக்கிற நாளும் வந்தது. திருமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கருவேலங்காட்டை வெட்டிச் சமன் செய்த பொட்டலில் கட்டடங்கள் புதுச் சுண்ணாம்போடு நின்றன. பஞ்சவர்ணம் அம்மா தன் கீழ்வீட்டு வாசலில் பால் காய்ச்ச அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசலைக் கடந்துதான் நூர்ஜகானை மேலே கொண்டு போனார்கள். பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கினார்கள். முதல் திருப்பத்தில் நாற்காலியின் கால் கைப்பிடிக் கம்பியில் மாட்டிச் சரிந்தது. நூர்ஜகான் கத்தவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சேலையைக் காலுக்கு மேலே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். ஜமால் பாய் கீழே நின்று, "பையப்பா, பைய" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பஞ்சவர்ணம் அம்மா பார்த்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"எறக்குங்கடா கீழ!"

தூக்கியவர்கள் திகைத்து நின்றார்கள்.

"ஏன்டா மரம் மாதிரி நிக்கிறீங்க? எறக்குங்கன்னா எறக்குங்கடா! பாய், இங்கிட்டு வாங்க. இந்தாங்க சாவி. அடுப்பு பத்த வச்சாச்சு, நீங்களே பாலைக் காய்ச்சுங்க." பிறகு சார் பக்கம் திரும்பினார். "டேய்! நான் மேல போறேன். ஆனா குடிதண்ணி கீழ லாரியிலதான வரும்? அதைத் தெனமும் நீ வந்து தூக்கிட்டு வந்து மேல வைக்கணும். ஒரு நா தவறுனாலும் நான் கீழ எறங்கி வந்து இவுகளை மேல அனுப்பிருவேன். சம்மதமா?"

"சம்மதம்க்கா."

நூர்ஜகான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். "அட விடுங்க. மேல காத்து நல்லா வரும்னாய்ங்க" என்று கையை உருவிக்கொண்டார் அக்கா.

கதை அத்தோடு முடிந்திருக்கும், பெரிய சார் இல்லாவிட்டால். முன்னுரிமையில் கிடைத்த வீட்டை விட்டுக்கொடுக்க விதியில்லை என்றார். கூடாது என்றும் விதியில்லை என்றார் மாடிப்படி சார். அப்படியானால் இரண்டு ஒதுக்கீட்டுதாரர்களும் தன் முன்னால் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் பெரிய சார். "வரச் சொல்லுங்கள், என் அறைக்கு."

மறுநாள் நூர்ஜகானின் ஆட்டோ பரோட்டாக் கடை வாசலில் வந்து நின்றது. பஞ்சவர்ணம் அம்மாவும் உள்ளே இருந்தார். மாடிப்படி சார் மேலே போய், "ரெண்டு பேரும் வந்துட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு நின்றார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பெரிய சார் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் வழியே ஆட்டோவைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். படியைப் பார்த்தார். பேனாவை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

படிக்குக் கீழே வந்தவர் குனியவில்லை. அந்தச் சத்தம் கேட்டுப் பரோட்டாக் கடையில் சாப்பிட்டவர்கள் எழுந்துவிட்டார்கள். மாடிப்படி சார் ஓடிப் போய் ஐஸ் வாங்கி வந்து, தன் தலைப்பாகைத் துண்டில் சுற்றி அவர் நெற்றியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பெரிய சார் சாரின் நாற்காலியில் உட்கார்ந்து, மேலே யாரோ இறங்கியதில் கொட்டிய மண்ணோடு சேர்த்து, உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பரோட்டாக் கடைக்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ கொடுத்தார். சாரிடம் பேசவும் ஆரம்பித்தார்.

போன மாதம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், வழியில் அந்தக் கட்டடங்களைப் பார்த்து இறங்கிக்கொண்டேன். சார் ரிட்டயராகிவிட்டார் என்று தெரியும். நூர்ஜகான் கீழ்வீட்டு ஜன்னலிலேயே ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். ஷாம்பு, பேனா, கடலை மிட்டாய். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மேல போங்கம்மா. அண்ணன் இப்பத்தான் கேனைத் தூக்கிட்டுப் போனாரு. ரெண்டாவது மாடியில உக்காந்துருப்பாரு."

அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் கேன் பக்கத்தில் இருந்தது. மெலிந்திருந்தார். "ஏம்மா, நல்லாருக்கியா?" என்பதைச் சொல்லி முடிக்க இரண்டு மூச்சு ஆனது. ஆரப்பாளையத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறாராம். கேனை நான் தொட்டேன். "வேணாம்மா, அக்கா பாத்தா வையும்" என்று அவரே தூக்கிக்கொண்டார்.

பஞ்சவர்ணம் அம்மா எங்களை உட்கார வைத்துச் சோறு போட்டார். தம்பி இலையில் ரசம் ஊற்றும்போது, "இதுக்குப் பேருதான் ரசம்" என்றார். சாப்பிட்டுவிட்டு சார் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். கை கழுவ நான் அடுப்படிக்குப் போய், குழாயைச் சும்மா திருகினேன். தண்ணீர் கொட்டியது. அக்கா ஓடி வந்து அடைத்தார்.

"ஏத்தா, சத்தம் போடாத. மேல்தொட்டி மோட்டார் சரியாகி ரொம்ப நாளாச்சு. நல்ல தண்ணிதான் வருது." ஹாலை எட்டிப் பார்த்துக்கொண்டார். "சொல்லிட்டா வரமாட்டான்ல. பொண்டாட்டி செத்ததுலருந்து சரியாச் சாப்புட்றதில்ல அவன்."

சாயங்காலம் நானும் சாரும் சேர்ந்து இறங்கினோம். கையில் காலி கேன். இரண்டாம் மாடியில் நின்றார்.

"குழாயில தண்ணி வருதுன்னு அக்கா சொல்லுச்சாம்மா?"

நான் விழித்தேன்.

"எனக்குத் தெரியும். பாய் அப்பவே சொல்லிட்டாரு." கேனை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "கேன் இல்லாம சும்மா வந்தா, எதுக்குடா வந்தேன்னு கேக்கும். என்னத்தச் சொல்றது?"

கேனை நூர்ஜகான் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு ரோட்டுக்கு நடந்தோம். அவருடைய பஸ்ஸுக்காக நின்றோம். முதலில் வந்தது என்னுடைய பஸ். "ஏறும்மா, ஏறு" என்றார். கூட்டமாக இருக்கிறது என்றேன். பஸ்ஸில் பாதி இருக்கை காலியாக இருந்தது. அவரும் பார்த்தார்.